சாப்பாடுகளுக்கு நடுவே ஒரு மரக்கோயில்

மொன்ட்ரியாலை அடுத்த புவாண்ட்-கிளேரில் நான் பெட்டி அடுக்கும் கிடங்கின் சாப்பாட்டு அறையில், மைக்ரோவேவுக்கு மேலே ஒரு நாட்காட்டி தொங்கும். போன வருடம் அதில் ஒரு மாதத்துக்கு நோர்வே நாட்டின் பழைய மரத் தேவாலயம் ஒன்று வந்தது. கூரைக்கு மேல் கூரை, அதற்கு மேலும் கூரை. முனைகளில் யாளியைப் போன்ற தலைகள். எல்லாம் தார் பூசிய கறுப்பு. மாதம் முடிந்த பிறகும் அந்தத் தாளைத் திருப்ப எனக்கு மனம் வரவில்லை. கூட வேலை செய்யும் கியூபெக் பெண்மணிதான் சிரித்துக்கொண்டே திருப்பிவிட்டார்.

அந்தக் கோடையில் ஒஸ்லோவில் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். அதைப் போல ஒரு மரக்கோயில் ஒஸ்லோவிலேயே, ஒரு திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. சேலைகளுக்கு முன்பே நடக்க வசதியான சப்பாத்தைப் பெட்டியில் வைத்தேன்.

ஆனால் கல்யாணம் முடிந்ததும் சாப்பாடு தொடங்கியது. கனடாவிலிருந்து வந்த தங்கச்சி என்று ஆளாளுக்கு விருந்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டுக்குப் போகாவிட்டால் மனவருத்தம். மதியம் புட்டு, பின்னேரம் ரோல்ஸ், இரவு இடியப்பம். ஒஸ்லோவைக் கார்க் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். வாய் திறந்து கேட்கவும் கூச்சம். அப்படியே கடைசி நாளும் வந்துவிட்டது. அன்று மத்தியானம் அத்தானின் சிநேகிதர் வீட்டில் ஆட்டிறைச்சி.

காலையில் தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி சொன்னேன்: "அக்கா, நான் இண்டைக்குச் சாப்பிட வரேல்லை. அந்த மரக்கோயிலைப் பாக்கப் போறன்."

அத்தான் போனிலிருந்து தலையை நிமிர்த்தினார். "ஏன் மச்சாள், கனடாவில மரம் இல்லையோ?"

அக்கா சிரிக்கவில்லை. "அவை இறைச்சி வாங்கி வைச்சிட்டினமடி. நான் என்னெண்டு சொல்லுறது?"

நான் போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அதைப் பார்த்த பிறகுதான் அக்கா போனை எடுத்தார். நீண்ட பேச்சு. சிநேகிதர் வீட்டில் கோபப்படவில்லை. இத்தனை வருடம் ஒஸ்லோவில் இருந்தும் அவர்களும் அந்த இடத்தைப் பார்த்ததில்லையாம். எல்லோருமாக வருகிறார்களாம், கறிச்சட்டியோடு. நான் தனியாகப் போக நினைத்த இடத்துக்கு மூன்று கார்கள் புறப்பட்டன.

நாடு முழுவதிலுமிருந்து பழைய மர வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து அங்கே திரும்பப் பொருத்தி வைத்திருந்தார்கள். கூரைகளில் முழங்கால் உயரத்துக்குப் புல். இதை வெட்டவே ஒரு வேலையாள் வேண்டுமே என்று அத்தான் கவலைப்பட்டார். புல்தரையில் பாய் விரித்தார்கள். இறைச்சியிலிருந்து நான் தப்பவில்லை. பிறகுதான் மேட்டில் ஏறினோம்.

கோயில் நான் நினைத்ததைவிடச் சின்னது. வெயிலில் தார் மணத்தது. வாசலுக்கு வந்ததும் யோசிக்காமலே சப்பாத்தைக் கழற்றினேன். எனக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் கழற்றினார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, அதுதான் அங்கே முறையாக்கும் என்று நினைத்து, குனிந்து சப்பாத்துக் கயிறுகளை அவிழ்த்தார்கள். அந்தக் காலத்து உடுப்பில் நின்ற வழிகாட்டிப் பெண் தன் சப்பாத்தை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

உள்ளே இருட்டு. பலகை உள்ளங்காலுக்குக் குளிர்ந்தது. அத்தான்கூடப் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார். தூண் ஒன்றில் கையை வைத்து, ஆசை தீரும்வரை நின்றேன். ஒருவரும் என்னைப் போவோம் என்று கூப்பிடவில்லை.

விமான நிலையத்தில் அக்கா காதோடு சொன்னார்: "வாற வருசம் நாங்கள் மொன்ட்ரியாலுக்கு வாறம். ஒருதருக்கும் சொல்லிப்போடாதை. முதல் ஊரைப் பாப்பம், பேந்து சாப்பிடுவம்."

நான் சொல்லவில்லை. ஆனாலும் நான் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மேல்வீட்டுக்காரர்களுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது; என்ன சமைக்கலாம் என்று இப்போதே கேட்கிறார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ரோ எடுத்துப் பழைய துறைமுகத்து அருங்காட்சியகங்களின் பக்கம் போய் வருகிறேன், எங்கே பாய் விரிக்க இடமிருக்கிறது என்று பார்க்க.