தற்செயல்காரர்

காவல் நிலையத்துக்கு எதிரே துணி தேய்த்துக் கொடுப்பவரை ஊரில் எல்லோரும் 'தற்செயல்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கத்தி கைப்பற்றப்பட்டால், திருட்டு சைக்கிள் புதரில் கிடைத்தால், சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டும். இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகக் கை தட்டுவார். இவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய்க் கையெழுத்துப் போடுவார். 'நான் தற்செயலாக அவ்வழியே சென்றபோது' என்று வாக்குமூலம் தொடங்கும். கடையை விட்டு அதிகம் அசையாத அந்த மனிதர், ஊரிலுள்ள அத்தனை வழிகளிலும் தற்செயலாகச் சென்றிருந்தார். காரணமில்லாமல் உலகில் எதுவும் நடப்பதில்லை என்று வாதிடும் ஞானிகள் அந்த நிலையத்துக்கு ஒருமுறை வந்து போகலாம்.

அவர் கெட்டவரல்ல. நல்லவர் என்று சொல்லவும் அவசரப்பட வேண்டாம். எதிர்வாசலைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்பதே அவருடைய அறநூல் முழுவதும்.

"பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காதும்பாங்க. உங்களுக்கு மட்டும் எப்படித்தான் வேளை தவறாம கிடைக்குதோ" என்பாள் மனைவி.

"சமைக்கிறவ நீதானே, நிறுத்திப் பாரு" என்பார் அவர்.

அப்போதுதான் தையல்காரியின் மகள், பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண், காணாமல் போனாள். "வயசுப் பொண்ணு. கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கும், தானா வரும்" என்று இன்ஸ்பெக்டர் தாயைத் திருப்பி அனுப்பினார். பொறுப்பாகத் தேடியவர் மரக்கடை முதலாளி. பெண்ணின் படத்தைப் போட்டுத் தெருவெல்லாம் சுவரொட்டி ஒட்டினார். கீழே கடையின் பெயரையும் மறக்காமல் போட்டுக்கொண்டார். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்த நாற்காலியும் அவர் அன்பளிப்புதான்.

பெண் காணாமல் போன மதியம், தேய்த்த துணியைக் கொடுக்கப் போன தற்செயல், அவள் அந்த முதலாளியின் வேனில் செங்கல் சூளைப் பக்கம் போவதைப் பார்த்திருந்தார். தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் போய்ச் சொன்னார்.

"யோவ், நான் இன்னும் கூப்பிடவே இல்லையே. அதுக்குள்ள பாத்துட்டியா?" என்றார் இன்ஸ்பெக்டர். நிலையமே சிரித்தது.

"சத்தியமா பாத்தேன் சார்."

"நீ எந்தக் கேஸுல சத்தியமா பாக்கல?"

பாழடைந்த சூளையில் உடல் கிடைத்தது. கழுத்தை நெரித்திருந்தார்கள். மேலதிகாரி வந்து கத்திவிட்டுப் போனதும் நிலையத்துக்கு உணர்வு வந்தது. நாற்காலியைப் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டு வேனைச் சோதித்தார்கள். இருக்கைக்கு அடியில் பெண்ணின் கிளிப் கிடந்தது. "தெருப் பிள்ளைங்க எல்லாம் ஏறி விளையாடுற வண்டி. என்னைக்கு விழுந்துச்சோ?" என்றார் முதலாளி. அன்றைக்கு அவளை அந்த வண்டியில் பார்த்த ஆள் வேண்டும். இல்லாவிட்டால் கைதான முதலாளி வெளியே வந்துவிடுவார்.

இன்ஸ்பெக்டர் கை தட்டவில்லை. தானே கடைக்கு வந்தார்.

"நீ சொன்னதை இப்ப நம்புறேன். நம்பி என்ன பண்ண? உன்னைக் கூண்டுல ஏத்தினா, 'ஐயா, இதுவும் தற்செயலா'ன்னு அவன் வக்கீல் ஒத்தைக் கேள்வி கேப்பான். கேஸ் ஊத்திக்கும்."

எனவே உண்மையைச் சொல்ல, அதைப் பார்க்காத ஒருவரைப் பிடித்தார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பொய்யே பேசாதவர் என்று பெயர். அதற்கான தேவை வாழ்க்கையில் வந்ததில்லை என்பதை யாரும் கவனித்ததில்லை. "நீங்க சொல்லப்போறது உண்மைதான் சார். பாத்தது மட்டும் வேற ஆளு" என்று இன்ஸ்பெக்டர் விளக்கினார். தாயின் முகத்துக்காக வாத்தியார் ஒப்புக்கொண்டார்.

நிலையத்தின் பின்கட்டில் பாடம் நடந்தது. தற்செயல் ஆசிரியர், வாத்தியார் மாணவர்.

"வேன் நீலம் சார். பொண்ணு முன்சீட்டுல."

"நான் அங்கே எதுக்குப் போனேன்?" என்றார் வாத்தியார். "வாக்கிங்னு சொல்லட்டுமா?"

"மத்தியான வெயில்லயா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்ப தற்செயலா..."

"அந்த வார்த்தையே வேண்டாம் சார்!"

அந்த நேரத்தில்தான் தையல்காரி உள்ளே வந்தாள். வாத்தியார்தான் பார்த்தவர் என்று அவளிடமும் சொல்லியிருந்தார்கள். நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, அது அழுதுக்கிட்டா போச்சு?"

பாடத்தில் அந்தக் கேள்வி இல்லை. வாத்தியார் தற்செயலைத் திரும்பிப் பார்த்தார். அவள் காத்திருந்தாள்.

"அழலம்மா" என்றார் தற்செயல், சுவரோரத்திலிருந்து. "ஜன்னல்ல கையை வச்சுக்கிட்டு ரோட்டைப் பாத்துட்டே போச்சு."

அவள் திரும்பினாள்.

"நீங்க பாத்தீங்களாண்ணே?"

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். தற்செயல் அவரைப் பார்க்கவில்லை; அவளைத்தான் பார்த்தார்.

"நான் எங்கேம்மா பாத்தேன். வாத்தியார் சார் சொன்னாரு, அதைச் சொன்னேன்."

தையல்காரி வாத்தியார் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் கூப்பினாள். வாத்தியாருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.