ஏற்காட்டுக்குக் காவல் போனேன்

போன ஆடியில் நான் ஏற்காட்டுக்குப் போனேன். மலையைப் பார்க்கப் போகவில்லை. புதிதாகக் கல்யாணம் ஆன என் கடைசி மகளும் மாப்பிள்ளையும் ஒரே ரூமில் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளப் போனேன். எழுதும்போதே முகம் சுண்டிப்போகிறது. ஆனாலும் அதற்குத்தான் போனேன்.

எங்கள் சிதம்பரம் பக்கத்தில் முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவோம். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது என்பார்கள். என்னையும் அப்படித்தான் அழைத்து வந்தார்கள். நானும் மகளை அழைத்து வந்து வைத்திருந்தேன்.

மாப்பிள்ளை கடலூர் முதுநகர்க்காரர். கப்பலில் வேலை. ஆடி முடிவதற்குள் கப்பல் ஏறியாக வேண்டும், ஏறினால் திரும்பி வர ஆறு மாதம். அதற்கு முன்னால் மூன்று நாள் மலையில் இருந்துவிட்டு வரலாம் என்று ரெண்டு பேரும் ஏற்பாடு செய்திருந்தார்கள். பிள்ளை இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டரம்மாவிடம் யோசனை கேட்டு அதன்படிதான் இருக்கிறோம் என்பதையும் மகள் கூச்சத்தை விட்டுச் சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. ஆடியில் பெண்ணை மாப்பிள்ளையோடு மலைக்கு அனுப்பினாள் என்று தெருவில் யாரும் என்னைப் பேசிவிடக் கூடாது. "அப்ப நானும் வரேன்" என்று சொல்லி, புடவை ரெண்டை எடுத்துப் பையில் வைத்தேன்.

மாப்பிள்ளை முகம் கோணவில்லை. "வாங்கத்தை, முன்னாடி உக்காருங்க. பின்னாடி உக்காந்தா வளைவுல தலை சுத்தும்" என்று காரின் முன் கதவைத் திறந்துவிட்டார். மகள் பின்னால் ஏறி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெற்றவள் நான், நான் எதற்கு இறங்கிப் போக வேண்டும் என்று சேலம் வரைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

ஹோட்டலில் எனக்காக இன்னொரு ரூம் கேட்டு வாங்கியிருந்தார்கள். பெரிய ரூமில் கட்டில் நிறைய ரோஜா இதழ். வெள்ளைத் துண்டை மடித்து ரெண்டு அன்னம் செய்து, மூக்கோடு மூக்கு சேர்த்து வைத்திருந்தார்கள். அந்தக் கட்டிலில் நானும் என் மகளும் படுத்தோம். குளிருக்கு ஒரு அன்னத்தை உதறித் தலையில் கட்டிக்கொண்டேன். மாப்பிள்ளை பக்கத்துச் சின்ன ரூமில் தனியாகப் படுத்தார். பெட்டி தூக்கி வந்த ஆள் கட்டிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டு போனான். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

மறுநாள் ஏரிக்குப் போனோம். காலால் மிதிக்கிற படகு. சைக்கிள் எடுத்துச் சுற்றுகிறவர்கள், மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறப் போகிறவர்கள் என்று எங்கே பார்த்தாலும் சின்னஞ்சிறுசுகள்தான். வீராணம் ஏரியைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது ஏரியா, குளம் என்று சொல்லிக்கொண்டே போய் மாப்பிள்ளை பக்கத்தில் மிதிக்கிற இடத்தில் நான் உட்கார்ந்தேன். மகள் பின்னால் உட்கார்ந்தாள்.

படகைப் பிடித்திருந்தவன், "என்னா சார், ஹனிமூனுக்கு மாமியாரையும் கூட்டியாந்துட்டியா?" என்றான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"எங்கத்தை ஏரிக்கரைக்காரங்க. அவுங்கதான் எங்களுக்குப் படகு ஓட்டக் கத்துத் தரப்போறாங்க" என்றார் மாப்பிள்ளை.

எனக்கு முட்டி மடங்கவில்லை. போகவும் வரவும் அவர் ஒருத்தரே மிதித்தார். நான் கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கியதும் அவர் எங்களுக்கு டீ வாங்கப் போனார். மகள் என் பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூட இல்லை, களைத்துப் போயிருந்தாள்.

"அவரு போனப்புறம் ஆறு மாசம் நான் உங்கூடத்தாம்மா படுக்கப்போறேன். இந்த மூணு நாளும் உனக்கா வேணும்?"

உன் நல்லதுக்குத்தானேடி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் நல்லது அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் என் பேரைக் காப்பாற்றத்தான் அந்தக் கட்டிலில் படுத்திருந்தேன். அந்தக் குளிரிலும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மாப்பிள்ளை டீயோடு வந்ததும், இந்தக் குளிர் எனக்கு ஒத்துக்கவில்லை, ஊருக்குப் போகிறேன் என்றேன். எல்லாரும் கிளம்பிவிடலாம் என்றார். வேண்டாம், என்னைச் சேலத்தில் பஸ் ஏற்றிவிட்டால் போதும் என்று பிடிவாதமாக நின்றேன். நிஜக் காரணத்தைச் சொல்ல அப்போதும் என் வீம்பு விடவில்லை.

சேலம் பஸ் ஸ்டாண்டில் பஸ் போர்டைக்கூட என்னைப் படிக்க விடவில்லை. அவரே விசாரித்துச் சிதம்பரம் பஸ்ஸில் உட்கார வைத்தார். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். கண்டக்டரிடம் பார்த்து இறக்கிவிடச் சொன்னார். அப்புறம் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"எங்களால ஒங்களுக்கு வீண் அலைச்சல் அத்தை. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

அந்தப் பேச்சை நான் அல்லவா பேசியிருக்க வேண்டும். "மேல குளுருது, அவள ஸ்வெட்டர் போட்டுக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் பின்னால் நின்ற மகள் தலையை ஆட்டினாள். பஸ் கிளம்பிவிட்டது.

அவர் கப்பல் ஏறிவிட்டார். மகள் என் வீட்டில்தான் இருக்கிறாள். அங்கே சிக்னல் கிடைக்கிற அன்றைக்கு வீடியோவில் கூப்பிடுவார். பேசி முடிக்கிற நேரத்தில் மகள் போனை என் பக்கம் திருப்புவாள். "அத்தை, நல்லாருக்கீங்களா?" என்பார். நல்லா இருக்கேன் மாப்ள என்று சொல்லிவிட்டு, அடுப்பில் என்னமோ இருக்கிற மாதிரி எழுந்து உள்ளே போய்விடுவேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது.