சத்தம் என்று ஒரு காரணம்

வாடகை வண்டிக்குத் தகுதிச் சான்று தர மறுக்கும் அதிகாரி, மறுப்பதற்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. எழுத்து மூலம் என்றால் வாய் மூலம் அல்ல என்பதைப் பெரிய படிப்புப் படித்தவர்களுக்கெல்லாம் விளக்கியே ஓய்வு பெற்ற அரசு ஊழியை நான். ஆனால் எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, எங்கள் காருக்குச் சான்று மறுத்த மோட்டார் இன்ஸ்பெக்டர் சொன்ன காரணம் ஒரே சொல்தான். அதையும் வாயால்தான் சொன்னார்.

யுத்த காலம் அது. மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாகப் போன சின்ன ரயிலின் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மொரப்பூரில் பெரிய ரயிலை விட்டு இறங்கியவர்கள் மூட்டை முடிச்சோடு வெயிலில் நின்றார்கள். அதைப் பார்த்த அத்தை, தன் பங்குக்கு வந்த புளியந்தோப்பை விற்று, ஏற்காட்டுத் தோட்டத் துரை ஒருவர் ஓட்டித் தேய்த்துக் கழித்த காரை வாங்கிவிட்டாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. புருஷனை இழந்து எங்களோடு இருந்தவள். கார் அவள் பேரில் பதிவாகியிருந்தது, ஓட்டியது அப்பா. நாலு பேர் உட்காரவேண்டிய வண்டியில் எட்டுப் பேருக்குக் குறைந்து அவர் ஏற்றியதில்லை. மழை ஏமாற்றிய வருடங்களில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தக் காரால்தான்.

சோதனைக்காகத் தருமபுரிக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் காரைத் தனியாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து இறங்கினார்.

"ஓனர் யாருய்யா?"

"நாந்தாங்க" என்று அத்தை முன்னால் வந்தாள். என் கை அவள் கையில் இருந்தது.

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. அப்பாவிடம், "சத்தம் வருது. அடுத்த கேம்ப்புக்குக் கொண்டா. அது வரைக்கும் வாடகைக்கு ஓட்டக் கூடாது" என்றார்.

"என்னா சத்தமுங்க? எந்தப் பக்கமுங்க?" என்றாள் அத்தை.

"அந்தம்மாவ ஓரமா நிக்கச் சொல்லுய்யா."

அத்தை ஓரமாக நிற்கவில்லை. அவர்தான் அவளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அவள் நேராக மனு எழுதுகிறவரிடம் போனாள். என்ன சத்தம், எந்தப் பாகம், ஏன் எழுதித் தரவில்லை என்று இங்கிலீஷில் எழுத வைத்து, பெருவிரல் ரேகை உருட்டி, சேலத்திலிருந்த மேலதிகாரிக்குத் தபாலில் சேர்த்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினாள். ஒரு விதியைக்கூடப் படிக்காமல் அவள் கேட்டது அத்தனையும் விதிப்படி கேட்கவேண்டியவை. எனக்கு இது தெரிய வர இருபது வருடம் ஆயிற்று.

வழியெல்லாம் அப்பா புலம்பினார். "எனக்கு ஒரு சத்தமும் கேட்டதில்லியே அக்கா. துரை காரு, பூனையாட்டம் போவுது."

"ஓட்டறப்ப நீ பாடற பாட்டே உனக்குக் கேக்காதுடா."

சத்தத்தைக் கண்டுபிடிக்கக் காரை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைத்தது. இருந்ததை வீணாக்கினால் சான்று கிடைத்தாலும் கார் நகராது. அத்தை அதற்கும் ஒரு வழி செய்தாள். ஏர் மாடுகளைக் கொண்டுவந்து காரின் முன்னால் பூட்டி, பாலத்து மேட்டுக்கு இழுக்க வைத்தாள். மேட்டில் மாடுகளை அவிழ்த்துவிட்டு, இன்ஜினைப் போடாமல் காரைச் சரிவில் உருட்டிவிட வேண்டும். ரோட்டின் குறுக்கே ஓடிய வாய்க்கால் பள்ளத்தில் கார் இறங்கி ஏறும்போது என்ன கேட்கிறதோ அதுதான் சத்தம்.

"இன்ஜினு கத்தாதப்ப கத்தறது எதுவோ, அதாண்டா கள்ளன்" என்றாள்.

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் பின்பக்கத் தரையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டேன். பள்ளத்தில் இறங்கியதும் 'கடக்' என்றது. எனக்குத் தெளிவாகக் கேட்டது; அப்பாவுக்கும் கேட்டது. பூனை என்று அதன் பிறகு அவர் சொல்லவில்லை. இன்ஜின் ஓடாமலே கேட்டதால் கியர்ப்பெட்டியாக இருக்குமோ என்று அவருக்கு உடனே எழுந்த சந்தேகம் அங்கேயே ஒழிந்தது. கோளாறு சக்கரத்துக்கு மேலே, வண்டியைத் தாங்கும் கமான் பட்டைகளின் பக்கம் எங்கோ இருந்தது.

மறுபடி மாடு, மறுபடி மேடு. அம்மாவை முன்னால் உட்கார வைத்தோம், கடக் என்றது. பின்னால் வலது பக்கம் உட்கார வைத்தோம், அப்போதும் கடக். பிறகு அத்தையே ஏறிப் பின்னால் இடது பக்கம் உட்கார்ந்தாள். அத்தை நல்ல கனம். கார் பள்ளத்தில் இறங்கியது, ஏறியது, மூச்சுவிடவில்லை.

"மகராசி உக்காந்ததும் பயந்து அடங்கிருச்சுங்க" என்றாள் அம்மா.

"சிரிடி. உன்ன உக்கார வெச்சா கொசு உக்காந்தாப்புல இருக்குது."

அப்பாவுக்கு எப்போதும் கேட்காததற்கும், தனியாக ஓட்டிய இன்ஸ்பெக்டருக்குக் கேட்டதற்கும் காரணம் இப்போது தெரிந்துவிட்டது. எங்கள் கார் காலியாக ஓடினதே இல்லை.

இடது பின் சக்கரத்தைக் கழற்றினார்கள். கமான் பட்டையின் நுனியை உடம்போடு பிணைக்கும் ஆணியில், இருக்கவேண்டிய உறை இல்லை. அதற்குப் பதிலாக மாட்டு வண்டி அச்சில் போடும் இரும்பு வளையம் தொளதொளவென்று ஆடிக்கொண்டிருந்தது. போன தை மாதம் அந்த இடத்தைப் பழுது பார்த்தவர் எங்கள் ஊர்க் கொல்லர். அத்தை அவரை அழைத்துவரச் சொன்னாள்.

அவர் வந்து எட்டிப் பார்த்தார். கொஞ்சமும் கூசவில்லை.

"நாந்தாங்க போட்டன். வேணும்னுதான் லூசா உட்டன். காலி வண்டி பேசணும், பாரம் ஏத்துனா வாய மூடணும். அதானுங்களே நல்ல வண்டிக்கு லச்சணம்? சத்தமே இல்லாத வண்டிய நான் பொணம் தூக்கக்கூடச் செஞ்சு குடுத்ததில்லீங்க."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அத்தைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மாட்டு வண்டிக்குச் செஞ்ச மரியாதிய காருக்கும் செஞ்சுட்டீங்களா? இது மாடு இல்லாத வண்டிங்க. ஊமையாவே இருந்துட்டுப் போவட்டும்."

அம்மா கொடுத்த உடைந்த வெண்கலப் பாத்திரத்தை உருக்கி, இறுக்கமாக ஓர் உறை வார்த்துக் கொடுத்தார் கொல்லர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே. கார் காலியாகப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. காதைத் தரையில் வைத்திருந்த எனக்கு என் மூச்சுத்தான் கேட்டது. சேலத்திலிருந்து மெக்கானிக் வராமல், புதுச் சாமான் ஒன்றுகூட வாங்காமல், ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவழிக்காமல் நாங்களே கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமையில் நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இன்றும் சொல்கிறேன்.

அடுத்த கேம்ப்பில் இன்ஸ்பெக்டர் மறுபடி தனியாக ஓட்டிவிட்டு வந்து, கையெழுத்துப் போட்டு, சான்றை அப்பாவிடம் நீட்டினார். அத்தை பக்கத்தில்தான் நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கெஞ்சினார். "மனுவ வாபஸ் வாங்கிக்கலாங்க்கா. சத்தந்தான் போயிருச்சே."

"சத்தம் போயிருச்சு. பதில் வரலியே."

அதற்குப் பிறகு அவள் நினைவூட்டு மனு போட்டுக்கொண்டே இருந்தாள். யுத்தம் முடிந்தது. மொரப்பூருக்குப் பஸ் வந்தது. காரை விற்றோம். மனு மட்டும் நிற்கவில்லை. அத்தைக்குப் பிடிவாதம் என்று எல்லோரையும் போல நானும் நினைத்தேன்.

கடைசியில் பதில் வந்தது. நான் அப்போது ஹைஸ்கூலில் இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தேன். உறையின் மேல் தட்டச்சில் 'ஸ்ரீமதி' என்று போட்டு அத்தையின் முழுப் பெயர், அதன் கீழே 'மோட்டார் வாகன உரிமையாளர்'. இன்னார் மனைவி, இன்னார் சகோதரி என்று எதுவும் இல்லை. உள்ளே இருந்த தாளைப் பிரித்து, சத்தம் பற்றிய குறிப்பு எதுவும் கோப்பில் காணப்படவில்லை என்று நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.

"அத அப்பறமா படிக்கலாம் பாப்பா" என்றாள் அத்தை. "மேல எழுதியிருக்கறத இன்னொருக்காப் படி."

படித்தேன். இன்னும் ஒரு முறை படிக்கச் சொன்னாள். விற்றுவிட்ட காருக்கு வந்த ஒன்றுமில்லாத பதிலுக்கு, வீட்டிலிருந்த எல்லோருக்கும் அன்று ஏன் பாயசம் கிடைத்தது என்பது எனக்கு விளங்கவில்லை. அந்தப் பதில் வந்தது 1947ஆம் வருடம், ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள்; சுதந்திரத்துக்கு இன்னும் ஏறக்குறைய இரண்டு வாரம் இருந்தது.