ஃபேக்ஸ் என்ன சொல்லுது?

அந்த அலுவலகத்தில் ஃபேக்ஸ் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. ஆனாலும் காலையில் வண்டியெடுக்க வருகிற ஒவ்வொரு டிரைவரும் டெலிவரிச் சீட்டைக் கையில் வாங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, ஃபேக்ஸ் என்ன சொல்லுது?" என்பதுதான்.

அந்த அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. வீட்டில் படுத்திருக்கிற நோயாளிகளுக்குக் கட்டில், சக்கர நாற்காலி, ஆக்ஸிஜன் மெஷின் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிற நிறுவனம். அதில் போனில் ஆர்டர் எடுக்கிற வேலை. காதில் ஹெட்போன், எதிரே கம்ப்யூட்டர், முதுகுக்குப் பின்னால் கிடங்கின் இரைச்சல். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் அவள் ஃபேக்ஸ் அக்கா.

அந்தப் பெயர் வந்ததற்கு ஒரு கதை உண்டு. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு வீட்டுக்குச் சக்கர நாற்காலி போனது. டிரைவர் கால்மணி நேரம் மணியடித்துப் பார்த்துவிட்டு, ஆளில்லை என்று திரும்பிவிட்டார். ஆள் இருந்தார். காதுதான் கேட்காது. எழுந்து வந்து கதவைத் திறக்கலாமென்றால் நாற்காலி வண்டியில் இருக்கிறது! அவருடைய மகள் இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருந்தாள். எழுதி வைக்கத்தான் கம்ப்யூட்டரில் இடமில்லை. பெயர், முகவரி, போன், ஃபேக்ஸ். அவ்வளவுதான் கட்டங்கள். குறிப்பெழுத ஒரு கட்டம் வேண்டுமென்று சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு அக்கா கடிதம் போட்டாள். "அடுத்த பதிப்பில் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்தது. பரிசீலித்தார்கள், பரிசீலித்தார்கள், பரிசீலித்துக்கொண்டே இருந்தார்கள்.

அக்கா காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ரகமில்லை. சும்மா கிடந்த ஃபேக்ஸ் கட்டத்தில், "மணி கேட்காது, ஜன்னலைத் தட்டவும்" என்று அடித்துவிட்டாள். சீட்டில் அது ஜோராக அச்சாகி வந்தது. கட்டம் நாற்பது எழுத்துக்கு மேல் வாங்காது. அவளும் அதற்குள் சொல்லப் பழகிக்கொண்டாள். "நாய் கடிக்காது, பூனை கடிக்கும்." "பின்வாசல் வழி. முன்பக்கம் ஏழு படி." "அம்மா காலமானார். அம்மா பற்றிக் கேட்காதே." போகப்போக, ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதற்கே அங்கே ஃபேக்ஸ் என்று பெயராகிவிட்டது. புது மேனேஜர் வந்த அன்று கிடங்கில் எல்லோரும் கேட்டது, "இவருக்கு ஃபேக்ஸ் என்ன?" பெரிய வண்டி டிரைவர்தான் பதில் சொன்னார். "டீ குடிக்கிறதுக்கு முன்னாடி பேச்சு குடுக்காதே."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சுற்றறிக்கை வந்தது. வருகிற மாதக் கடைசிச் சனிக்கிழமை சாஃப்ட்வேர் புதுப்பிக்கப்படும். பயன்படாத பகுதிகள் நீக்கப்படும். கீழே பட்டியல். மூன்றாவது வரி: ஃபேக்ஸ்.

"இந்தக் காலத்துல யாரு ஃபேக்ஸ் அனுப்புறா? தொலையட்டும்," என்றார் மேனேஜர்.

அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எல்லாம் ஒரு சனிக்கிழமையில் போய்விடும். வாயைத் திறந்து சொல்லலாமென்றால், 'தவறான தகவல் பதிவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற அறிவிப்பை அவள் நாற்காலிக்கு நேர் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள். பதினோரு வருஷத் தப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் கதைதான்.

யாரிடமும் சொல்லாமல், இரண்டு போன்களுக்கு நடுவே கிடைக்கிற இடைவெளியில் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள். ஒரு வாரத்தில் நூற்றிருபது வீடு ஆனது. இந்தக் கணக்கில் போனால் எழுதி முடிப்பதற்குள் சாஃப்ட்வேர் இன்னொரு முறை மாறிவிடும்.

அவள் கணவர் தையல் மெஷின் பழுது பார்க்கிறவர். அவள் விரலில் பேனா அழுத்திய தடத்தைப் பார்த்துவிட்டு, "பேசாம சொல்லிடேன்," என்றார்.

"வேலை போயிடுச்சுன்னா என்னங்க பண்றது?"

"என் கடைக்கு வந்துடு. வர்ற மெஷினுக்கெல்லாம் ஃபேக்ஸ் எழுது. 'மிதிச்சா அழும்'னு."

சிரித்தாள். பயம் மட்டும் போகவில்லை.

புது சாஃப்ட்வேருக்கான பயிற்சி நாளன்று அந்தக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஒரு வருஷ உழைப்பைத் திரையில் போட்டுக் காட்டுகிறவருக்கு உண்டான படபடப்பு. புதுத் திரை பளிச்சென்றுதான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார். டிரைவர்கள் எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து நின்றாள். "சார், ஃபேக்ஸ் கட்டத்தை எடுக்காதீங்க."

"அதுல ஒரு நம்பர் கூட உருப்படியா இல்லையே மேடம். எல்லாம் குப்பைன்னு ஒதுக்கி வச்சிருக்கோம்."

"குப்பை இல்ல சார். பதினோரு வருஷமா நான்தான் எழுதினேன். தப்புன்னு தெரிஞ்சேதான் எழுதினேன்."

மேனேஜரின் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம். அன்று அவர் டீ குடித்திருந்தாரோ என்னவோ, நல்லவேளையாக வாயைத் திறக்கவில்லை. சாஃப்ட்வேர்க்காரர் அந்தக் 'குப்பை'யைத் திரையில் திறந்து ஒவ்வொரு வரியாக நகர்த்தினார். பூனை வரிக்கு எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து "அம்மா பற்றிக் கேட்காதே" வந்தது. "அந்த வீட்டுக்குத்தான் நாளைக்கு நான் கட்டிலைத் திரும்ப எடுக்கப் போறேன்," என்றார் பெரிய வண்டி டிரைவர், யாரிடமென்றில்லாமல்.

சாஃப்ட்வேர்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குறிப்புக்கு ஒரு கட்டம் வேணும்னு ஒரு கடிதம் எங்க பட்டியல்ல ரொம்ப வருஷமா கிடக்கு. இருநூத்திப் பன்னெண்டாவது. அது நீங்கதானா?" என்றார். பிறகு வெளியே போய்ப் போன் பேசினார். தேதியை ஒரு வாரம் தள்ள வேண்டுமென்று அவர் கெஞ்சியதும், மறுமுனையில் இருந்தவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் கதவு வழியாக எல்லோருக்கும் கேட்டது. திரும்பி வந்தவர், "ஒரு வரி கூட போகாது மேடம்," என்றார்.

மேனேஜர் கடைசியாக அவளருகே வந்தார். "எனக்கும் ஏதோ ஃபேக்ஸ் இருக்காமே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அவள் நாற்காலிக்கு மேலிருந்த அந்த அறிவிப்பைக் கிழித்துக்கொண்டு போனார்.

ஒரு வாரம் தள்ளி வந்த புதுப்பதிப்பில் எத்தனை எழுத்து வேண்டுமானாலும் எழுதுகிற மாதிரி ஒரு கட்டம் இருந்தது. 'சிறப்புக் குறிப்புகள்' என்று பெயர் வைக்கத்தான் பார்த்தார்களாம். டிரைவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டத்தின் மேல் 'ஃபேக்ஸ்' என்றே போட்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் போன் வந்தது. ஒரு கட்டில் வேண்டும், அப்பாவுக்கு. குரலைக் கேட்டதுமே யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகவரி வாங்கினாள், போன் நம்பர் வாங்கினாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"சார், ஃபேக்ஸ் என்ன போடட்டும்?"

போனில் இருந்தவர், அந்தக் கட்டத்தைக் கட்டிக்கொடுத்த அதே சாஃப்ட்வேர்க்காரர். "ஆஸ்பத்திரிக் கட்டில்னு சொன்னா அப்பா உள்ளேயே விடமாட்டார் மேடம். புதுக் கட்டில்னு சொல்லணும்," என்றார்.

"சொல்லிடுவாங்க சார். கவலைப்படாதீங்க," என்று சொல்லிக்கொண்டே அக்கா அடித்தாள்: "புதுக் கட்டில் என்று மட்டும் சொல்லவும்." எழுத இன்னும் எவ்வளவோ இடமிருந்தது. நாற்பது எழுத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது.