இரண்டு கித்தான் தொப்பிகள்

மேலப்பாளையத்தில் தொப்பி என்றால் தொழுகைக்குப் போடுகிற தொப்பிதான். அதனால் ரைஹானத், பை தைக்கிற உமர் பாரூக்கின் கடைக்குப் போய், "எனக்கும் தம்பிக்கும் ரெண்டு தொப்பி தைக்கணும் அண்ணாச்சி" என்று சொன்னபோது அவர் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பொம்பளப் பிள்ளைக்குத் தொப்பியா? எதுக்கும்மா?"

"வெயிலுக்கு."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ரைஹானத்தையும் அவள் தம்பி சல்மான் ஃபாரிஸையும் அந்தப் பக்கத்தில் அறியாதவர்கள் கிடையாது. இருவரும் பிறக்கும்போதே தோலிலும் முடியிலும் நிறமில்லாமல் பிறந்தவர்கள். தலைமுடி சோளக்கதிரின் நாரைப்போல இருக்கும். வெளிச்சத்தில் கண் நிலைக்காது, துடித்துக்கொண்டே இருக்கும். பார்வையும் குறைவு. வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாலும் கரும்பலகை தெரியாமல், இருவருமே படிப்பைப் பாதியில் விட்டார்கள். வாப்பா ஹசன் அலி தறி நெய்தவர். பிள்ளைகள் தலையெடுக்கும் முன்பே நெஞ்சு நோயில் மௌத்தாகிவிட்டார். அதன் பிறகு உம்மா மஹ்மூதா பீவி பீடி சுற்றித்தான் குடும்பத்தைக் காப்பாற்றினாள்.

ரைஹானத்தும் உம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றினாள். தட்டை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுற்றுவாள். பெண் பார்க்க வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. நாளாக ஆக யாரும் வருவதும் நின்றுபோனது. தெருவில் நடந்தால் சிறுபிள்ளைகள் பின்னால் வரும். அதற்கு அஞ்சியே அவள் மஃரிப் தொழுகை முடிந்து இருட்டிய பிறகுதான் வெளியே போவாள்.

சல்மான் அப்படியில்லை. வீட்டில் அடைந்து கிடக்க அவனால் முடியாது. செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தையில் முகம்மது இப்ராஹிம் என்ற தரகரோடு சேர்ந்துகொண்டான். கண் சரியாகத் தெரியாதவன் தரகு பேசுவதா என்று ஆரம்பத்தில் சிரித்தார்கள். அவன் ஆட்டின் முதுகைத் தடவிப் பார்த்தே பேசப் பழகிக்கொண்டான். குரலும் நல்ல குரல். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து கிடா கொண்டுவருகிறவர்கள் சந்தைக்குள் நுழைந்ததும் "சல்மான் எங்கலே?" என்று கேட்கிற அளவுக்கு ஆனான்.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் முகமும் கழுத்தும் வெந்து சிவந்துதான் வீட்டுக்கு வருவான். உம்மா கற்றாழையைக் கீறித் தடவுவாள். இந்தத் தோலுக்கு இப்படித்தான் ஆகும் என்று மூவரும் நினைத்திருந்தார்கள். முப்பது வயதை நெருங்கும்போது அவன் இடது காது மடலின் மேல் ஒரு புண் வந்தது. பொருக்கு உதிரும், மறுபடியும் கட்டும். ஆறவே இல்லை. ரைஹானத்தான் அவனை வற்புறுத்தி அரசு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கு அழைத்துப்போனாள்.

டாக்டர் சித்ரலேகா அந்தப் புண்ணை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"புத்துநோயோட ஆரம்பம். முழுசா எடுத்தாச்சு, பயப்பட வேண்டாம். ஆனா உங்க ரெண்டு பேர் தோலுக்கும் வெயிலத் தாங்குத நிறம் கெடையாது. இனிமே முழுக்கைச் சட்ட போடணும், தொப்பி போடணும். முன்னால மட்டும் நீட்டிக்கிட்டு இருக்குத தொப்பி பிரயோசனமில்ல. சுத்திவர நாலு விரல் அகலத்துக்கு விளிம்பு இருக்கணும். காது, கழுத்து, மூக்கு எல்லாமே நெழல்ல இருக்கணும்."

"நான் வெளிய போறதே இல்லையே டாக்டர்" என்றாள் ரைஹானத்.

"மாடியில துணி காயப்போடுவீங்கள்ல? அந்த வெயிலும் வெயில்தான்."

அன்று சாயங்காலமே அக்காவும் தம்பியும் டவுனுக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். கிரிக்கெட் தொப்பியில் காது வெளியே நின்றது. குற்றாலத்துக்குப் போகிறவர்கள் வாங்குகிற ஓலைத் தொப்பி விளிம்பு அகலமாக இருந்தது. சல்மானுக்குப் பிடித்தும் போனது. ஆனால் ரைஹானத் அதைக் கடை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது, அவன் கன்னத்தில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழுந்தது. வேண்டாம் என்று வைத்துவிட்டாள். இன்னொன்று விளிம்பு துவண்டு கண்ணில் விழுந்தது. கடைசியில்தான் உமர் பாரூக்கின் நினைவு வந்தது.

அவர் பைக்கு வைத்திருந்த கித்தான் துணிகளை எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றையும் ரைஹானத் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். வெளிச்சம் ஊடுருவாத ஒரு சாம்பல் நிறத் துணியைத் தேர்ந்தெடுத்தாள். விளிம்பு விறைப்பாக நிற்க உள்ளே இன்னொரு மடிப்பு வைத்துத் தைக்கச் சொன்னாள். தார் ரோட்டிலிருந்து எதிரடிக்கிற வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும் என்பதால் விளிம்பின் அடிப்பக்கத்துக்குக் கறுப்புத் துணி. உள்ளே வேர்வையை உறிஞ்ச ஒரு பருத்திப் பட்டை. உமர் பாரூக் தன் பங்குக்குத் தாடையில் கட்டிக்கொள்ளக் கயிறு வைத்தார். "ஆடிக் காத்து அடிச்சா உன் தொப்பி பாளையங்கோட்டைக்குப் போயிரும்மா" என்றார்.

முதல் செவ்வாய்க்கிழமை சந்தையிலிருந்து சல்மான் சந்தோஷமாக வந்தான். அக்காவை அவன் லாத்தா என்றுதான் கூப்பிடுவான்.

"லாத்தா, கண்ணு கூசவே இல்ல. இன்னைக்குத்தான் ஆட்டோட மொகத்தயே ஒழுங்காப் பாத்திருக்கேன். எல்லாப் பயலும் தொரை வாராரு தொரை வாராருங்கான். இப்ராஹிம் அண்ணாச்சி ஒரு சலாமும் போட்டாரு."

"ஒனக்குச் சங்கடமா இல்லியா?"

"நம்ம பயலுவதான? சொல்லிட்டுப் போறானுவ."

தொப்பிகளைப் பராமரிப்பது ரைஹானத்தின் வேலையானது. ஒவ்வொரு புதன்கிழமையும் இரண்டையும் சீயக்காய் கரைத்த தண்ணீரில் ஊறவைப்பாள். பிரஷ் போட்டுத் தேய்த்தால் நெசவு இளகிவிடும் என்று கையாலேயே கசக்குவாள். முறுக்கிப் பிழிவதில்லை. இரண்டு பானைகளைக் கவிழ்த்து, அவற்றின் மேல் மாட்டி, நிழலில் காயவிடுவாள். விளிம்பு வளையாமல் காயும். சல்மானின் தொப்பிப் பட்டையில் வேர்வை உப்புப் பூத்திருக்கும், ஆட்டுக் கவிச்சியும் அடிக்கும். அதைத்தான் முதலில் கசக்குவாள்.

ஒரு புதன்கிழமை அந்தப் பட்டை சுத்தமாக இருந்தது. உப்பும் இல்லை, வாடையும் இல்லை. சந்தை மந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரமும் அப்படியே இருந்ததும், சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் முன்னால் தொப்பியைக் கொண்டுபோய் வைத்தாள்.

"போடுதியா இல்லியாலே?"

"போடாம? நேத்து காலைல நீதான எடுத்துக் குடுத்த?"

"வேர்க்காத தலையா ஒனக்கு?"

சல்மான் கையைக் கழுவிவிட்டு வந்து போனை எடுத்துக் காட்டினான். யாரோ ஒரு பையன் சந்தையில் எடுத்த வீடியோ. அகலத் தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாக, வெள்ளை வெளேரென்று, கிடாவின் முதுகைத் தடவியபடி சல்மான் உரக்கப் பேசிக்கொண்டிருந்தான். நெல்லைத் தமிழில் வெளுத்துக்கட்டும் வெளிநாட்டுக்காரர் என்று மேலே எழுதியிருந்தது. லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள்.

அந்த வீடியோ வந்த பிறகு, ஆடு வாங்காதவர்களெல்லாம் சந்தைக்கு வரத் தொடங்கினார்கள். தோளில் கைபோட்டுப் படம் எடுத்தார்கள். எந்த நாடு, தமிழ் எங்கே படித்தீர்கள் என்று கேட்டார்கள். இந்த ஊர்தான் என்று சொன்னபோது ஒருவன் நம்பாமல், தொப்பியைக் கழற்றச் சொல்லித் தலைமுடியைப் பிடித்துப் பார்த்தான். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கிடா வாங்க வந்த பெரியவர், வெளிநாட்டுக்காரனோடு வியாபாரம் சரிப்படாது என்று வேறு தரகரிடம் போய்விட்டார்.

"தொப்பி இல்லாம நின்னா நான் மஹ்மூதா மவன். எல்லாருக்கும் தெரியும். அதப் போட்டுட்டா எந்த ஊருன்னு கேக்கான் லாத்தா. நம்ம ஊருக்குள்ள நின்னுக்கிட்டு எத்தன பேருக்குப் பதில் சொல்ல?"

ரைஹானத் தொப்பியை அவன் பக்கம் நகர்த்தினாள். காதைக் காட்டி அழுதாள். பிறகு கத்தினாள். உம்மாவும் சேர்ந்துகொண்டாள். சரி, போடுகிறேன் என்று இருவருக்கும் வாக்குக் கொடுத்தான். வீட்டிலிருந்து கிளம்பும்போது போட்டுக்கொண்டுதான் போவான். சந்தை வாசலில் ஆடுகளுக்குக் குழை விற்கிற கடையின் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே நுழைவான். இது பின்னால்தான் தெரிந்தது. டாக்டர் வரச்சொன்ன நாட்களிலும் ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வேறெங்கோ போய் வந்திருக்கிறான்.

அதற்கடுத்த கோடையில் அவன் எப்போதும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டே இருந்தான். தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி ஒளுச் செய்ய அதை அவிழ்த்தபோது உம்மா பார்த்துவிட்டாள். காதுக்குக் கீழே, கழுத்தில், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது.

தொட்டுப் பார்த்தவுடன் சித்ரலேகா டாக்டரின் முகம் மாறியது. ஏன் வரவில்லை என்று அவனிடம் கேட்கவில்லை. பெரிய டாக்டர்களிடம் அவரே கூட்டிப்போனார். கழுத்தில் அறுவைசிகிச்சை செய்தார்கள். கதிர்வீச்சு கொடுத்தார்கள். கொஞ்ச நாள் தேறியது போல இருந்தது. அப்புறம் மறுபக்கத்திலும் வந்தது.

கடைசி வாரங்களில் வார்டில் ரைஹானத்தான் கூட இருந்தாள். ஒரு மத்தியானம், கஞ்சியைக் கொடுத்துவிட்டு அவன் வாயைத் துடைத்துவிட்டபோது கேட்டான்.

"எம்மேல கோவமா லாத்தா?"

"ஆமா."

"எனக்கும் எம்மேல கோவம்தான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு பையச் சொன்னான். "எங்க போனாலும் நம்மள ஒரு தடவ திரும்பிப் பாக்காம எவன் போனான் சொல்லு? சந்தைல மட்டுந்தான் எவனும் பாக்க மாட்டான். அவனவனுக்கு அவனவன் ஆடு. அது ஒரு எடம் இருந்துச்சு எனக்கு. அதையும் போக்கிட்டானுவ."

அவள் அவன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நோன்புப் பிறை பார்ப்பதற்கு முந்தின வாரம் சல்மான் மௌத்தானான். ஆட்டுச் சந்தையே வந்தது போல ஜனாஸாவுக்குக் கூட்டம். அடக்கம் செய்ய மையவாடிக்குத் தூக்கிப் போகும்போது வாசல் வரைக்கும் வந்த ரைஹானத், வெயிலைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவனுடைய தொப்பியை உம்மா பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

பெருநாள் கழிந்து, வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் குறைந்த பிறகுதான், அந்த நினைப்பு ரைஹானத்தைப் பிடித்தது. வாரம் தவறாமல் அவனைப் போடு போடு என்று சொன்னவள், தன்னுடைய தொப்பியோடு ஒருநாளும் தெருவாசலைத் தாண்டியதில்லை. மொட்டை மாடியில் போட்டாள். யாராவது ஏறிவருகிற சத்தம் கேட்டால் கழற்றிவிடுவாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவனோடு சந்தை வரைக்கும் தானும் அதைப் போட்டுக்கொண்டு நடந்திருந்தால் என்ன? இரண்டு பேராக நின்றிருந்தால் அவனுக்கு அவ்வளவு தனியாக இருந்திருக்காதோ என்னவோ. பீடி சுற்றும்போது இதே கேள்வி வரும். தட்டை இறக்கிவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கறுப்புப் புர்காவுக்கு மேல் தொப்பியைப் போட்டுக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"இந்த வெயில்ல எங்கடி போற? அதுவும் இந்தக் கோலத்துல?" என்று உம்மா பதறினாள்.

"அவன் நின்ன எடத்தப் பாத்துட்டு வாரேன்மா."

நல்ல உச்சிவெயில். தெருவில் வாசலுக்கு வாசல் பார்த்தார்கள். இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டதும் தெரிந்தது. சந்தையில் முகம்மது இப்ராஹிம் முதலில் அவளை அடையாளம் காணவில்லை. பெயரைச் சொன்னதும், பிடித்திருந்த ஆட்டுக்கயிற்றைப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்துவிட்டு வந்தார். கூட்டத்தை விலக்கி, வேலியோரமாக ஓரிடத்தைக் காட்டினார்.

"இங்கனதான் நிப்பான். அந்தா, வேப்பமரத்து நெழல் இருக்குல்லா, அங்கன வந்து நில்லுலேன்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். ஆட்டுக்காரன் வெயில்ல நிக்கான், நான் மட்டும் நெழல்லயா நிக்கணும்பான்." வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டார். "ஒரு நா புடிச்சு இழுத்திருக்கணும்மா. இழுக்கல."

அவள் அந்த இடத்திலேயே நின்றாள். ஆடுகள் புர்காவை உரசிக்கொண்டு போயின. இப்போது எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். ஓர் இளைஞன் போனை உயர்த்தினான். இப்ராஹிம் "ஏலே!" என்று பாய்ந்தார். ரைஹானத் அவர் கையைத் தடுத்துவிட்டு அவனிடம் நேராகச் சொன்னாள்.

"எடுக்கணும்னா எடு. எம் பேரு ரைஹானத். இந்த ஊருதான். இந்த எடத்துல நின்ன சல்மானோட லாத்தா. அதையும் சேத்துப் போடு."

அந்தப் பையன் போனைப் பையில் வைத்துக்கொண்டான். தெரியாமல் செய்துவிட்டேன் என்றோ வேறேதோ முணுமுணுத்தான். அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும்வரை நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். அன்றைக்கு எதுவும் ஆறிவிடவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, சல்மான் இறந்த அன்று அழாத அழுகையை அழுதாள்.

இப்போது அவள் பகலில் வெளியே போகிறாள். பீடிக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தொப்பியோடுதான் நடக்கிறாள். தெரு கொஞ்சம் பழகிவிட்டது, முழுதும் பழகவில்லை. அந்த முதல் தொப்பி துவைத்துத் துவைத்து மெலிந்து, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் தெரியத் தொடங்கியதும் உமர் பாரூக்கிடம் கொண்டுபோனாள். புதிதாகத் தைப்பானேன், தம்பியுடையது புதுசு மாதிரி இருக்குமே, அதை உன் தலை அளவுக்குப் பிடித்துத் தைத்துத் தருகிறேன் என்றார் அவர். உம்மாவிடம் கேட்டபோது அவள் பீரோச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ரைஹானத் மறுபடி கேட்கவில்லை. புதிதாகவே தைத்துக்கொண்டாள்.

போன மாதம் சித்ரலேகா டாக்டர் அவளுடைய மூக்கின் ஓரத்திலிருந்து ஒரு சின்னப் பொருக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். சிறியது, சீக்கிரமே வந்துவிட்டீர்கள் என்றார். மருந்து வைத்துக் கட்டும்போது நர்ஸ் கேட்டாள்.

"தொணைக்கு யாரு வந்திருக்கா?"

"யாருமில்ல" என்றாள் ரைஹானத்.

கட்டின் மேல் அழுந்தாமல் தொப்பியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டு, பஸ் ஏறப் போனாள். முடிவு இன்னும் வரவில்லை.