ஆற்றுமணலில் ஓடிய கோம்பை

விருத்தாசலத்தில் அப்பாவுக்குப் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. வாரம் விட்டு வாரம் ராத்திரி ஷிப்ட் இருக்கும். பக்கத்து வீட்டில் பித்தளை அண்டா திருடு போனதும், நாய் வாங்குவது என்று முடிவாயிற்று. அப்போது எனக்கு ஏழு வயது.

வேப்பூருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயியின் களத்தில் கோம்பை நாய் குட்டி போட்டிருந்தது. அப்பா, அவருடைய தங்கையான என் அத்தை, நான் மூவரும் பஸ்ஸில் போனோம். கொழுகொழுவென்று இருந்த, தூங்குகிற குட்டி ஒன்றை அப்பா காட்டினார். அதற்குள் கறுத்த மூஞ்சியுள்ள ஒன்று அத்தையின் தாவணி நுனியைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை.

"இதுதாண்ணே வேணும்" என்றாள் அத்தை.

"நல்ல காவலுங்க. ஆனா தெனம் ஓட வுடணும். கட்டியே போட்டீங்கன்னா வூட்டையே கடிச்சித் தின்னுடும்" என்றார் விவசாயி.

அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டியே போட்டார். ஆறேழு மாதத்தில் அது வீட்டுச் செருப்புகளையும் கயிற்றுக்கட்டிலின் ஒரு பக்கத்தையும் தின்று முடித்தது. பால்காரர் வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டார். ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு, அப்பாவைத் தேடி வந்த மேஸ்திரியின் வேட்டியை உருவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அதை வேப்பூரிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவதாக அப்பா சொன்னார். அன்றைக்கு அத்தை சாப்பிடவில்லை.

மறுநாள் அவள் அதை மாட்டாஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். நானும் கூடப் போனேன். அங்கிருந்த கம்பவுண்டர் இளவயதுக்காரர். நாயின் பல்லைப் பார்த்தார், காதைப் பார்த்தார்.

"கெட்ட நாயில்லீங்க. சும்மாவே கெடக்குதுல்ல, அதான் இந்த ஆட்டம். காலையில ஆத்துல ஓட வுடுங்க."

அத்தை அழுது கேட்டதில் அப்பா ஒரு மாதம் தவணை கொடுத்தார்.

தினமும் விடிந்ததும் மணிமுத்தாற்று மணலில் நானும் நாயும் ஓடினோம்; அத்தை கரையில் நிற்பாள். கம்பவுண்டர் சைக்கிளை நிறுத்திவிட்டு, நாய் எப்படி இருக்கிறது என்று அத்தையிடம் விசாரிப்பார். விசாரித்து முடிக்க வெகுநேரம் ஆகும். இவ்வளவு அக்கறையான ஆஸ்பத்திரி வேறெங்கும் இருக்காது என்று நினைத்துக்கொள்வேன். நாயும் அடங்கியது. வெளியாள் வந்தால் குரைத்தது, பாயவில்லை.

மாதம் முடிகிற சமயத்தில் கம்பவுண்டர் தடுப்பூசி போட வீட்டுக்கே வந்தார். நாய் குரைக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு போய் அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

"நம்ம சொந்தக்காரங்களயே வுடாது. இவர மட்டும் எப்பிடி வுட்டுது?" என்றார் அப்பா. அத்தை தரையைப் பார்த்தாள்.

"தெனம் ஆத்துல பாக்குதுல்லப்பா!" என்றேன் நான், பெருமையாக.

அம்மா என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துப்போனாள். உள்ளதைச் சொன்ன பிள்ளைக்கு ஏன் இந்த மரியாதை என்று விளங்கவில்லை. அதன்பிறகு அப்பா வெகுநாள் அத்தையோடு பேசவில்லை. அம்மாதான் அவரிடம் தணிந்த குரலில் எதையோ சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். தை மாதம் கல்யாணம் நடந்தது.

கம்பவுண்டருக்குப் பெண்ணாடத்துக்கு மாற்றலாகி, சாமான் ஏற்றிய வண்டியில் நாயும் ஏறிக்கொண்டபோது நான் அழுது புரண்டேன். கம்பவுண்டர் ஆசைப்பட்டது நாயின்மேல், அத்தை இல்லாமல் அது சோறு தின்னாது, அதனால்தான் அவளையும் கூடவே அனுப்பிவைத்தார்கள் என்பது என் கணக்கு. ஒரு நாய்க்காகத் தங்கையையே கொடுத்துவிட்டாரே என்று அப்பாவின்மேல் எனக்கு வெகுகாலம் கோபம் இருந்தது.