சுமதி மறுத்த டிரா

ஓசூர் கம்பெனி டீம்களுக்குச் செஸ் சொல்லிக்கொடுப்பது என் தொழில். கோச் என்றதும் எல்லாரும் சின்னப் பிள்ளைகளைத்தான் நினைக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்கள் ஷிப்ட் முடிந்து, கொட்டாவி விட்டபடி வந்து உட்காருகிறவர்கள். அவர்கள் தலையில் இருபது ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முறைகளை, திணிக்கிறவன் கோச் இல்லை, கொடுமைக்காரன்.

1. b2 சிப்பாய்

அதனால் என் ஆட்கள் குயின் முன்னால் இருக்கும் சிப்பாயை d4-க்குத் தள்ளித் தொடங்கினால் லண்டன் சிஸ்டம்தான். d4, பிஷப் f4, பிறகு e3. எதிராளி என்ன செய்தாலும் ஏறக்குறைய அதே அமைப்பு. ஒரு காலத்தில் இதைச் சோம்பேறி ஓப்பனிங் என்று கிண்டல் செய்தார்கள். இப்போது கிராண்ட்மாஸ்டர்களே விரும்பி ஆடுகிறார்கள், ஆனால் துணிச்சலாக. கறுப்பு குயின் b6-க்கு வந்து b2 சிப்பாயை மிரட்டினால் முன்பெல்லாம் அதைக் காப்பாற்றுவோம். இவர்கள் c5-ல் ஒரு சிப்பாயை எடுத்துக்கொண்டு, b2-வை விட்டுவிடுகிறார்கள். குயின் உள்ளே வந்து திரும்ப வழி தேடி அலையும். அதற்குள் நம் காய்கள் எல்லாம் களத்தில் இறங்கிவிடும்.

இதைச் சொன்ன அன்று சுமதி ஒப்புக்கொள்ளவே இல்லை. மூக்கண்டப்பள்ளியில் குடியிருக்கிறவர், சொந்த ஊர் சிங்காரப்பேட்டை. ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அசெம்பிளியில் கான்ட்ராக்ட் வேலை. பள்ளியில் மாநில அளவில் ஆடியவர் என்பதால் முதல் போர்டில் உட்கார வைத்திருந்தேன்.

"கீழ விழுந்த ஒரு நட்டைக்கூட நாங்க விட மாட்டோங்க சார். சூப்பர்வைசர் உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரு. நீங்க முழு சிப்பாய விடச் சொல்றீங்களே!"

"இங்க சூப்பர்வைசர் இல்லைம்மா. விட்டுப் பாருங்க."

விட்டுப் பார்த்தார். இரண்டு வாரத்தில் என்னையே அந்த லைனில் தோற்கடித்தார்.

2. டிரா கேட்டபோது

கம்பெனிகளுக்கு இடையிலான போட்டி. முதல் போர்டில் அதிகப் புள்ளி எடுத்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பர்மனென்ட் செய்வதாக அவர் கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர் ராகவேந்திரா சுமதிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கடைசி ரவுண்டில் எதிரே உட்கார்ந்தவர் சுமதியைவிட அரைப் புள்ளி முன்னால் இருந்தார். எங்கள் மற்ற போர்டுகள் முடிந்துவிட்டன. சுமதி டிரா செய்தால் போதும், கப் எங்களுக்கு. ஆனால் அவருக்குப் பர்மனென்ட் வேலை கிடைக்க வெற்றி வேண்டும்.

குயின் b6-க்கு வந்தது. சுமதி b2-வை விட்டார். உள்ளே போன குயின் தவிக்கத் தொடங்கியதும் எதிராளி டிரா கேட்டார்.

டீம் மேட்சில் அதை ஏற்கலாமா என்று கேப்டனிடம் கேட்கலாம். கேப்டன் போர்டைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. சரி, வேண்டாம், உங்கள் இஷ்டம், இவ்வளவுதான் சொல்லலாம். கேப்டன் நான்.

"டிரா ஒத்துக்கலாமாங்க சார்?"

ராகவேந்திரா என் காதோரம், கன்னடம் கலந்து, "சாக்கு சார், டிரா போதும். கப் வந்துடுச்சு. சரின்னு சொல்லிடுங்க" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. வாக்குக் கொடுத்த மனிதருக்கு அது ஞாபகமே இல்லை.

"உங்க இஷ்டம்மா" என்றேன்.

சுமதி மறுத்துவிட்டு ஆடினார். குயினைப் பிடிக்க நெடுநேரம் யோசித்தார். அது நூலிழையில் தப்பியது. கடிகாரத்தில் நேரம் கரைந்து, அவசரத்தில் ஒரு குதிரைச் செக்கில் ரூக்கை, அதாவது யானையை, விட்டார். ஆட்டம் போயிற்று, கப்பும் போயிற்று. ராகவேந்திரா காரில் ஏறிப் போனார்.

வெளியே டீக்கடையில் சுமதியைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "டிரா பண்ணியிருந்தா அரைப் புள்ளியாவது கிடைச்சிருக்கும்" என்றேன்.

அவர் டீயை ஊதிக் குடித்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"யாருக்குங்க சார்? டிரா பண்ணியிருந்தாலும் நாளைக்கு நான் கான்ட்ராக்ட்தான். தோத்தும் கான்ட்ராக்ட்தான். ஜெயிச்சாத்தான எனக்கு வேற?"

கம்பெனிக்கு அரைப் புள்ளியாக இருந்தது அவருக்கு வெறும் பூஜ்யம். போர்டில் சுமதி கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

இப்போது எந்த டீமை எடுத்தாலும், d4-க்குக் கை வைப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுகிறேன்: "டிரா ஆனா உங்களுக்கு என்ன கிடைக்கும்?"